பதினான்காம் விதியும் தென்காசிக் காற்றும்

தென்காசி எப்போது வரும் என்று நடத்துனரிடம் நான் கேட்டபோது, தென்காசி எனக்குப் பின்னால் எட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

திருநெல்வேலியில் ஏறிய பேருந்து ஒரு பெரிய நிலையத்துக்குள் நுழைந்து நின்றது. வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து இறங்கினேன். டீ குடித்தேன். ஆமவடை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவந்து, கிளம்பிக்கொண்டிருந்த என் பேருந்தில் பாய்ந்து ஏறினேன். நிறம் அதேதான். பேருந்துதான் வேறு.

"அண்ணாச்சி, நீங்க ஏறுனதே தென்காசிலதான! இது கடையம் போற வண்டில்லா," என்றார் நடத்துனர். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "செய்தி வாசிக்க மாதிரி பேசுதீங்க. எந்த ஊரு?"

"சிங்கப்பூர்."

அவர் பின்பக்கம் திரும்பி மொத்தப் பேருந்துக்கும் அறிவித்தார்: "சிங்கப்பூர்ல இருந்து கரெக்டா வந்துட்டாராம். தென்காசியத்தான் காணலயாம்!"

இப்படிப்பட்ட ஓர் ஆளைத்தான் எங்கள் நிறுவனம் துப்பறிய அனுப்பியிருந்தது.

நாங்கள் செய்வது கன்சோல். டிவியில் செருகி வீடியோ கேம் ஆடுகிற பெட்டி. அடுத்த பெட்டி இன்னும் கடைக்கு வரவில்லை. பெட்டி வருகிற அன்றே அதில் ஆடக் கேம்களும் வேண்டும் என்பதால், சில சின்ன ஸ்டூடியோக்களோடு கூட்டு சேர்ந்து, ஆளுக்கு ஒரு முன்மாதிரிப் பெட்டியை ரகசியமாகக் கொடுத்திருந்தோம். அந்த ஸ்டூடியோக்களோடு உறவாடுவது என் வேலை. பதவியின் பெயரே உறவு மேலாளர். கல்யாணத் தரகர் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள்.

சிக்கல் என்னவென்றால், எல்லா ஸ்டூடியோவிலும் பெட்டி சூடாகி அலறியது. படம் விக்கியது. எங்கள் பொறியாளர்கள் மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். தென்காசி ஸ்டூடியோ மட்டும் வாராவாரம் ஒரே அறிக்கையை அனுப்பியது: "சூடு இல்லை. சத்தம் இல்லை. சுகம்."

தலைமையகம் சந்தேகப்பட்டது. ஒன்று, இவர்கள் பொய் சொல்கிறார்கள். இல்லை, பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது உண்மையானாலும் கூட்டு முறியும். தமிழ் பேசுவான் என்ற ஒரே தகுதியில் என்னை அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும்.

கடையத்தில் இறங்கி, குற்றவாளிகளின் தலைவிக்கே போன் செய்து, வந்து கூட்டிப்போகும்படி கெஞ்சினேன். விசாரணை இதைவிடக் கம்பீரமாகத் தொடங்கியிருக்க முடியாது.

உலகம்மாள் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்து இந்த ஸ்டூடியோவைத் தொடங்கியவள்.

"பரவால்ல சார். எங்க கேம்ல துண்டும் இப்பிடித்தான் வழி தப்பிக் கடையம் வரைக்கும் பறந்து போவும்," என்றாள்.

அவர்கள் கேமின் கதை இது. குற்றாலத்தில் ஒருவர் அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய துண்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஆடுகிற நாம்தான் காற்று. வயல், தென்னந்தோப்பு, காற்றாலை, குரங்கு எல்லாவற்றையும் தாண்டி அந்தத் துண்டை அவரிடம் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். அதுவரை பாவம், அவர் தண்ணீருக்குள்ளேயே நிற்பார். சிங்கப்பூர் அலுவலகத்தில் இதை முதன்முதலாக ஆடிப்பார்த்த அன்று, கூட்டத்தில் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. வழக்கமாகவும் கேட்பதில்லை. ஆனால் அன்று அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஸ்டூடியோ, கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில் அவள் வீட்டு மாடி. படிக்கட்டின் கீழே மேசை போட்டு, லத்தியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை. காக்கி இல்லாவிட்டாலும் காக்கி தெரிந்தது.

"எங்கப்பா," என்றாள் உலகம்மாள். "ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. பயிற்சி பெத்த காவலாளி ஒருத்தர் வேணும்னு உங்க அக்ரிமெண்ட்ல போட்டிருந்துச்சுல்லா?"

ஊரே ஏட்டையா என்று கூப்பிடும் அவர் ஒரு பெரிய பதிவேட்டைத் திருப்பி என் முன் வைத்தார். பெயர், வந்த நோக்கம், வந்த நேரம், முடிவு என்று நான்கு பத்திகள். சிங்கப்பூரில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் முகத்தை ஓர் இயந்திரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கும். இங்கே ஓர் ஏட்டையா பார்த்தார். இயந்திரம் எவ்வளவோ மேல். அதற்கு முறைக்கத் தெரியாது.

"நோக்கம்னு இருக்க எடத்துல உள்ளத எழுதும்," என்றார்.

"விசாரணை" என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, என்னை ஒரு சக ஊழியராக மதித்து எழுந்து நின்றார்.

மாடியில் உலகம்மாளையும் சேர்த்து நான்கு பேர். படம் வரைபவரும் ஒலி சேர்ப்பவரும் ஹெட்போனைக் கழற்றவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதையாவது உளறிவிடுவோம் என்ற பயம் என்பது பிறகுதான் தெரிந்தது. நிரல் எழுதும் இசக்கி மட்டும் சிரித்தான். சொந்த ஊர் வீரகேரளம்புதூர். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவன்.

பெட்டி ஒரு ஸ்டோர் ரூமுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. அறையைத் திறந்தார்கள். முதலில் பெட்டியில் நாங்கள் ஒட்டி அனுப்பிய முத்திரையைப் பார்த்தேன். கிழியவில்லை. பெட்டியை யாரும் திறக்கவில்லை என்று மனம் குளிர்ந்த அதே நிமிடம், இசக்கி கேமை ஓடவிட்டான். பெட்டி, உளுந்து அரைக்கும் மிக்ஸி மாதிரி அலறத் தொடங்கியது. திரையில் துண்டு விக்கி விக்கிப் பறந்தது. அறைக்குள் இட்லி அவிக்கலாம் போலிருந்தது.

"சூடு இல்லை, சத்தம் இல்லை, சுகம்னு எழுதினீங்களே?" என்றேன்.

உலகம்மாள் கேமை நிறுத்தினாள். இசக்கி தன் செருப்பைப் பார்த்தான். ஆக, பொய். விசாரணை ஒரே நாளில் முடிந்துவிட்டது. எனக்குத்தான் ஏனோ சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் அன்று மதியம் அவர்கள் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நீதி வேறு, துவையல் வேறு.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். சாரல் பருவம். மழை என்று சொல்ல முடியாதபடி ஒரு நீர்த்தூசி முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கோபுரத்துக்குள் நுழைந்ததும் எதிரிலிருந்து ஒரு காற்று வந்து என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பாதி தாண்டியதும் அதே காற்று முதுகுப்பக்கம் வந்து உள்ளே பிடித்துத் தள்ளியது. போகாதே என்றும் போ என்றும் ஒரே வாசலில் ஒரே ஆள் சொல்வது மாதிரி. நான் வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். நான்காவது முறை நுழைந்தபோது பூ விற்கும் அம்மாள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்: "ஏட்டி, இந்த ஆளு என்ன, நேர்ச்சையா?"

"இந்தக் காற்று எப்போதும் இப்படித்தானா?" என்று அவளிடம் கேட்டேன்.

"சீசன் முடியுத வரைக்கும் அடிக்கும் அண்ணாச்சி. கணவா வழியா வருதுல்லா. இங்கன எவன் வீட்டுல ஃபேன் போடுதான்?"

கணவாய் என்பது மேற்கே மலையில் இருக்கிற இடைவெளி. கேரளத்து மழைக்காற்று அந்த வழியாகத்தான் இந்த ஊருக்குள் வருகிறது. அவள் சொன்னதைத் துப்பறியும் மூளை உடனே பிடித்திருக்க வேண்டும். என் மூளை அப்போது டிபனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோவுக்குத் திரும்பினால், படிக்கட்டில் அப்பாவும் மகளும் சண்டை.

"பொய்ச் சாட்சி சொல்ல என்னால முடியாது தாயி. அவரு நம்மள களவாணின்னு எழுதிட்டுப் போவாரு. அதுக்கு உள்ளதச் சொல்லி மாட்டிக்கிடலாம்."

"மாட்டுனா கூட்டு போச்சுப்பா! இசக்கிய பெங்களூருல மறுபடி வேலைக்குக் கூப்புடுதாங்க, சனிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். நாளைக்கு மறுநாள் இங்க வேலை இல்லன்னா அவன் பஸ் ஏறிருவான். மத்த ரெண்டு பேரும் பின்னாலயே போவாங்க. மூணு பேரக் கூப்புட்டு வந்து வச்சிருக்கேன்…" என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். பிறகு, "வாங்க சார்," என்று விறுவிறுவென மேலே ஏறினாள்.

ஸ்டோர் ரூமிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்து மேற்குப் பக்கத்து ஜன்னலின் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். கோபுர வாசலில் என்னைத் தள்ளிய அதே காற்று மேசைத் தாள்களையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே வந்தது. நாலு பேரும் பழக்கப்பட்டவர்களாக ஆளுக்கொரு தாளை எட்டிப் பிடித்தார்கள். இசக்கி கேமை ஓடவிட்டான். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. பெட்டி, தூங்குகிற பூனை மாதிரி மெல்ல உறுமியது. துண்டு வயல்வெளி மேல் வழுக்கிக்கொண்டு பறந்தது.

"இவ்வளவுதான் சார். காத்து அடிக்கும்போது டெஸ்ட் பண்ணுவோம். காத்து நின்னா டீ குடிப்போம். சீசனுக்கு முந்தியும் இப்பிடித்தான், சாயங்காலக் காத்துக்கு வேலைய மாத்தி வச்சுக்கிடுவோம். பொய் சொல்லல. ஆனா விதிய மீறிட்டோம்."

"எந்த விதி?"

ஒப்பந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். பதினான்காம் விதி. "முன்மாதிரிப் பெட்டி ஜன்னல் இல்லாத அறையில், கதவு எப்போதும் மூடிய நிலையில் வைக்கப்பட வேண்டும்."

"ஜன்னல் இல்லாத அறை எங்க வீட்டுல அந்த ஸ்டோர் ரூம்தான். அதுல வச்சா அலறுது. நீங்க வாரீங்கன்னு பயந்துபோய் நேத்து அங்க தூக்கி வச்சோம்." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்தே இல்லாத ரூம்ல வைன்னு சொல்லுதான் சார்! இத எழுதுனவன் மட்டும் எங்கையில கெடச்சான்னு வைங்க…"

இசக்கி சேர்ந்துகொண்டான்: "அவன அந்த ஸ்டோர் ரூம்லயே போட்டுப் பூட்டணும்க்கா."

நான் தாளை மிகவும் கவனமாகப் படிப்பது போல் முகத்தை அதில் புதைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதிலுள்ள "எப்போதும்" என்ற சொல்லுக்காக ஒரு முழு மதியம் யோசித்தவன் நான். பதினான்காம் விதியை எழுதியவனும் நான்தான். எங்கள் அலுவலகத்தின் பதினெட்டாம் மாடியில், வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட வைக்கும் ஏசியில் உட்கார்ந்து எழுதினேன். அந்த விதிகளுக்காக எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். எங்கள் அடுக்குமாடிப் புளோக் வீட்டில், டிவிக்கு மேலே, விருந்தாளிகள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.

அன்று மதியம் மற்ற சின்ன ஸ்டூடியோக்களுக்கெல்லாம் ஒரே கேள்வியை அனுப்பினேன்: பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெருமை பொங்கப் பதில்கள் வந்தன. ஒருவர் மாடிப்படிக்குக் கீழே. ஒருவர் துடைப்பம் வைக்கும் அறையில். ஒருவர் பழைய கழிவறையில். "பதினான்காம் விதிப்படி" என்று எல்லாரும் மறக்காமல் சேர்த்திருந்தார்கள். எங்கள் சொந்தப் பொறியாளர்கள் வைத்திருந்ததோ குளிரூட்டிய கூடத்தில். அங்கே அது ஏன் அலறும்? மாதக்கணக்கில் எல்லாரும் தேடிய கோளாறு பெட்டிக்குள் இல்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் இருந்தது.

வியாழக்கிழமை ஏட்டையா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். "சீசன்ல வந்துட்டுக் குளிக்காமப் போனா ஊருக்கு அவமானம்," என்றார். உலகம்மாளும் வந்தாள். வழியில் ஒரு பழக்கடையில் நிறுத்தி, "இதெல்லாம் வேற எங்கயும் கெடைக்காது," என்று எனக்கு மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் என்று வாங்கித் தந்தார் ஏட்டையா. மூன்றும் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் மலைபோல் குவிந்துகிடக்கும். நான் ஒவ்வொன்றையும் வாழ்வில் முதன்முறை பார்ப்பவனாகக் கண்களை விரித்தேன். ஏற்கெனவே ஓர் உண்மையை மறைத்துக்கொண்டிருக்கிறேன், கூட மூன்று.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் உலகம்மாள் போய்விட, என்னை எண்ணெய் தேய்ப்பவரிடம் ஒப்படைத்தார் ஏட்டையா. தேய்ப்பவர் என்னைப் பரோட்டா மாவாக நினைத்துக்கொண்டார். அடித்தார், இழுத்தார், மடித்தார், வீசவில்லை. பிறகு வரிசையில் நின்று அருவிக்குள் நுழைந்தேன். மலை தன் மொத்தக் கோபத்தையும் என் தலையில் கொட்டியது. பக்கத்திலிருந்த ஒருவர், "ஏலே, தலையக் குனி! நிமிந்தா மூச்சு முட்டும்!" என்று தன் நண்பனுக்குச் சொன்னதை நானும் பின்பற்றினேன். நான் கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பத்தொரு வயதில், இடுப்பில் ஒரு வேட்டித் துண்டோடு, முகம் தெரியாத முப்பது பேரோடு ஒட்டி நின்று எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் குளிர் பல்லைத் தட்டியது. துவட்டுகிற துண்டும் மாற்றுடையும் ஏட்டையா கையில். கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"நேத்து அந்தப் பேப்பர வாசிக்கும்போது உம்ம காது செவந்துச்சு," என்றார் அமைதியாக. "எத்தன பேரப் பாத்திருக்கேன் தம்பி. மூஞ்சிய எவனும் மாத்திக்கிடுவான். காத மாத்த முடியாது. சொல்லும். துண்டு அப்புறம்."

"ஏட்டையா, குளிருது."

"கேம்ல அந்த ஆளு எம்புட்டு நேரம் நிக்கான்? நீரும் நில்லும்."

நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விதி, ஸ்வெட்டர், கேடயம், மற்ற ஸ்டூடியோக்களின் துடைப்ப அறை எல்லாம். உண்மையை எழுதினால் தலைமையகத்தின் முன் மாட்டிக்கொள்வது நான். எழுதாவிட்டால் விதியை மீறியதற்காக உலகம்மாளின் ஸ்டூடியோ. அவர் துண்டைத் தந்தார். என் தலையை அவரே துவட்டியும் விட்டார்.

"கேடயம் கண்ணாடியா, பித்தளையா?"

"கண்ணாடி."

"அப்பம் போனாப் போவுது. எம்மவகிட்ட நீரே சொல்லிரும்."

பக்கத்திலிருக்கும் பிரானூர் பார்டர் என்ற ஊரில் ஒரு பரோட்டாக் கடையில் வைத்துச் சொன்னேன். சால்னாவில் ஊறிய பரோட்டாத் துண்டை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். பரோட்டாவை இலையில் வைத்தாள். நான் தட்டை, அதாவது இலையை, கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

"நீங்களா?"

"நான்தான்."

"ஸ்டோர் ரூமுல பூட்டணும்னு நாங்க சொன்னப்பம் அங்கனதான நின்னீங்க?"

"நின்னேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "புள்ளைக்கு என்னாச்சு?" என்று ஏட்டையாவிடம் கேட்டார். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "எழுதுவீங்களா அண்ணாச்சி?" என்றாள். அதுவரை நான் சார்.

அந்தக் கடையிலேயே கை கழுவிவிட்டு எழுதினேன். பெட்டி திறக்கப்படவில்லை. அறிக்கைகள் பொய்யில்லை. ஜன்னல் திறந்திருந்தது. மற்ற இடங்களில் பெட்டி சூடாவதற்குக் காரணம் பதினான்காம் விதி. அதை எழுதியவர் கீழே கையொப்பமிட்டுள்ளார். அனுப்பும் பொத்தானை அழுத்த என் விரல் தயங்கியபோது, கடைக்காரர் எனக்கு இன்னொரு பரோட்டாவை வைத்தார். அந்த அதிர்ச்சியில் அழுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி வீடியோவில் வந்தார். ஆங்கிலத்தில் பேசுபவர். குரலில் மேடு பள்ளம் இருக்காது. வாழ்த்தும் வேலைநீக்கமும் அவர் வாயில் ஒரே ராகம். இசக்கி பெங்களூரு கடிதத்தைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருந்தான். மற்ற இருவரும் முதன்முறையாக ஹெட்போனைக் கழற்றியிருந்தார்கள். ஏட்டையா வாசலில் அட்டென்ஷனில் நின்றார்.

"துடைப்பம் வைக்கும் அறையில் இருந்த பெட்டியை நேற்று வெளியே எடுத்து வைக்கச் சொன்னோம்," என்றார் மேலதிகாரி. "சத்தம் நின்றுவிட்டது. கழிவறையிலும் நின்றுவிட்டது." ஒரு தாளைப் புரட்டினார். "தென்காசியோடு கூட்டு தொடரும். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டு, வெளியிலிருந்து தெரியாமல் ஒரு திரை கட்ட வேண்டும். அவ்வளவுதான். பொறியாளர்கள் ஒன்று கேட்கிறார்கள்: அந்தக் காற்றின் வேகம் என்ன? பெட்டியின் விசிறியை அதற்கு ஏற்றபடி மாற்றிப்பார்க்கப் போகிறார்களாம்."

இசக்கி ஒரு விரலால் பெங்களூரு கடிதத்தை மூடினான். "அளந்து அனுப்பிச்சிருதேன்," என்றான், தமிழிலேயே. நான் மொழிபெயர்த்தேன். உலகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். சாரல் என்று சொன்னாள். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தது.

"உங்களைப் பற்றி," என்றார் மேலதிகாரி என்னிடம். "நீங்கள் இந்தப் பிராந்தியத்தின் எல்லாச் சின்ன ஸ்டூடியோக்களுக்கும் நேரில் போய், ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெட்டியைக் காற்றில் வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு பதினான்காம் விதியைத் திருத்தி எழுதுங்கள்." அவர் சிரித்த மாதிரி இருந்தது. இணையம் விக்கியதாகவும் இருக்கலாம்.

பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். இந்த முறை எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று நால்வரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருந்தார்கள், பேருந்தின் படத்தோடு. படிக்கட்டின் கீழே லத்தி குறுக்கே நீண்டது.

"விசாரணைன்னு எழுதியிருக்கீரு. முடிவு காலியாக் கெடக்கு," என்று ஏட்டையா பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "கேஸ முடிச்சுட்டுப் போரும்."

பேனாவை வாங்கி எழுதினேன்: "குற்றவாளி பிடிபட்டார். பெயர்: முதல் பத்தியில் உள்ள மேற்படியார்."

ஏட்டையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். மீசை ஆடியது. பிறகு அதன் கீழே, முப்பது வருடம் பழகிய கையெழுத்தில், அவரும் ஒரு வரி சேர்த்தார். எட்டிப் பார்த்தேன்.

"ஜாமீனில் விடப்பட்டார். நிபந்தனை: ஒவ்வொரு சீசனுக்கும் நேரில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும். துண்டு அவரே கொண்டுவர வேண்டும்."